மூன்று சக்கர டூரிங் வண்டி: டிராஃபிக்கில் கால் வேகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஏப்ரல் 2. கேள்வி

பெரிய டூரிங் வண்டி, முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நெடுஞ்சாலையில் குறையே இல்லை. டிராஃபிக்கில் மாட்டினால் வலது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வேகிறது. ஃபேன் ஓட ஆரம்பித்தால் இன்னும் மோசம். ஆனால் மீட்டரில் டெம்பரேச்சர் நடுவிலேயே நிற்கிறது. சர்வீஸில் கேட்டால் எல்லாம் நார்மல் என்கிறார்கள். பெரிய ரேடியேட்டர் போட்டால் சரியாகுமா? இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் (கூலன்ட்) ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடு என்கிறார் ஒரு நண்பர்.

ஏப்ரல் 2, இரவு

ரேடியேட்டரைத் தொடாதீர்கள், தெர்மோஸ்டாட்டையும் தொடாதீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், டெம்பரேச்சர் நடுவில் நிற்கிறது என்று. அப்படியானால் இன்ஜின் தன் சூட்டைச் சரியாகத்தான் வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற இடத்தில் உங்கள் கால் இருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினுக்குச் சூடு என்பதும் ஓட்டுபவருக்குச் சூடு என்பதும் இரண்டு தனிப் பிரச்சினைகள். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கெடுக்கவும் செய்யும். பெரிய ரேடியேட்டர் போட்டால் அதே சூடு கொஞ்சம் அகலமாக வந்து காலில் படும்.

ஏப்ரல் 3

தெர்மோஸ்டாட் பற்றி நான் காரணம் சொல்லாமல் பேசிவிட்டேன் என்கிறார் அந்த நண்பர். சரி, காரணம் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்துவிடும். டிராஃபிக்கில் கூலன்ட் அதைத் தாண்டித்தான் இருக்கிறது, அதாவது ஏற்கெனவே முழுசாகத் திறந்து கிடக்கிறது. திறந்து கிடக்கும் கதவைக் கழற்றி என்ன லாபம்? நெடுஞ்சாலையில்தான் வித்தியாசம் தெரியும், இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினி (இசியு) இன்னும் குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியையும் சேர்த்து அடைக்கும். அதைக் கழற்றினால் கூலன்டில் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ச்சிக்காகக் கழற்றி, கொதிக்க வைத்த கதையாகிவிடும்.

ஏப்ரல் 3, சற்றுப் பின்

கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: தண்ணீர் சூட்டை நன்றாகச் சுமக்கும், உண்மைதான், தண்ணீரும் கிளைக்காலும் (கூலன்டின் அடிப்படைத் திரவம்) பாதிக்குப் பாதி கலந்ததைவிட நன்றாகவே. ஆனால் அலுமினியத்தை அரிக்கும். சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவையோ சுமார் 107 வரை தாங்கும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டியும் கொதிக்காது. தவிர, உங்கள் பிரச்சினை கூலன்ட்டில் இல்லை. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 5

"இரண்டு சக்கர டூரிங் பைக்கிலும் இதே இன்ஜின்தானே, மூன்று சக்கரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு புலம்பல்?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், இரண்டு சக்கர வண்டியில் கூட்டத்துக்குள் நுழைந்து முன்னால் போய்விடலாம். இதில் கார் மாதிரி வரிசையில் நிற்க வேண்டும், முன்னால் நிற்கும் லாரியின் புகையும் சேர்ந்து வரும். அடுத்து, பைக்கில் நின்றால் ஒரு காலைத் தரையில் ஊன்றுகிறோம், முழங்கால் தானாக வெளியே விரிகிறது, காற்று புகுகிறது. மூன்று சக்கரத்தில் காலை ஊன்றவே தேவையில்லை, அதுதான் இதன் சுகம், ஆனால் அந்தச் சுகத்தில் இரண்டு காலும் இன்ஜினை ஒட்டியே கிடக்கின்றன. மூன்றாவதுதான் பெரிய விஷயம்: முன்னால் இரண்டு சக்கரம் இருக்கிற வண்டியில் காற்று நேராக வர வேண்டிய இடத்தைச் சக்கரமும் சஸ்பென்ஷன் கைகளும் பிடித்துக்கொள்கின்றன, சுற்றிலும் பேனல் பேனலாக மூடியிருக்கிறார்கள். உள்ளே போன காற்று வெளியே வர வழி இருக்க வேண்டும், அந்த வழி பெரும்பாலும் உங்கள் முழங்கால் பக்கம்.

இப்படி முன்னால் இரண்டு சக்கரம் உள்ள கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி 2014-இல் 998 சிசி வி-ட்வின்னை (வி வடிவ இரண்டு சிலிண்டர் இன்ஜினை) விட்டுவிட்டு 1330 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு மாறியது. அதை வைத்து, இன்ஜின் மாறினாலே சூடு தீர்ந்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். இன்ஜினைவிட அதைச் சுற்றி எப்படி மூடியிருக்கிறார்கள் என்பதுதான் காலுக்குத் தெரியும்.

ஏப்ரல் 6

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. சுமார் 1300 சிசி இன்ஜின் ஐட்லிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே குடிக்கும். நிற்கிற வண்டி ஒரு வேலையும் செய்யவில்லை, ஆகவே அந்த 9 கிலோவாட்டும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். ஓர் அறை ஹீட்டர் 2 கிலோவாட். நான்கைந்து ஹீட்டரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு சிக்னலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது இதைவிடப் பல மடங்கு சூடு வருகிறது. எரிகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சில நேரம் சக்கரத்துக்குப் போவதில்லை, மீதி சைலன்சர் வழியாகவும் கூலன்ட் வழியாகவும் போகிறது. அப்போது காலில் சுடாததற்குக் காரணம் காற்று அள்ளிக்கொண்டு போவதுதான்.

ஏப்ரல் 6

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. ஐட்லிங்கில் சூடு முழுவதும் ரேடியேட்டர் வழியாக வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜினிலிருந்து புகையை எடுத்துச்செல்லும் பெண்ட் பைப்பும், அந்தப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சேர்ந்து பெரிய பங்கு வைத்திருக்கின்றன. கன்வர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே 250, 300 டிகிரி வேண்டும், ஓட்டத்தில் அதைவிட மிக மேலே போகும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிவிட்டு நேராக டிராஃபிக்கில் நுழைந்தால், அந்தக் கொதிக்கும் உலோகம் ஆறும் வரை சூட்டை வீசிக்கொண்டே இருக்கும். ஃபேனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஏப்ரல் 9

காசு செலவழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். துப்பாக்கி மாதிரி இருக்குமே அந்த வெப்பமானி, அது போதும். ஆனால் அதை நம்புவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பளபளக்கும் க்ரோம், ஸ்டெயின்லெஸ், அலுமினியம், இவற்றின் மேல் நேராகப் பிடித்தால் உண்மையில் பாதிகூடக் காட்டாது. அந்தக் கருவி மங்கலான கறுப்புப் பரப்புகளுக்கென்று அளவு வைக்கப்பட்டது. உலோகம் பளபளத்தால் தன் சூட்டைக் குறைவாக வீசும், பக்கத்தில் உள்ளதைப் பிரதிபலிக்கும். பேனலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். பைப்பில் டேப் எரிந்துவிடும், அங்கே சூடு தாங்கும் கறுப்பு பெயின்டில் ஒரு பொட்டு வையுங்கள்.

"என் பெண்ட் பைப் 90 டிகிரிதான், நான் நல்ல கம்பெனி சைலன்சர் போட்டிருக்கிறேன்" என்று எழுதியவரே, கையை வைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

அப்புறம் நூல். கம்பளி நூலைச் சாண் நீளத்துக்கு வெட்டி முழங்கால் பக்கத்துப் பேனல், டேங்க் ஓரம், விண்ட்ஷீல்டின் கீழ் விளிம்பு எல்லா இடத்திலும் ஒட்டி, ஒருவரைப் பக்கத்தில் வேறு வண்டியில் வரச்சொல்லிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். காற்று எங்கே போகிறது என்று நீங்கள் நினைப்பதும் நூல் காட்டுவதும் ஒன்றாக இருக்காது. என் வண்டியில் டேங்க் ஓரத்து நூல்கள் பின்பக்கம் பறக்கும் என்று பார்த்தால் நேராக மேலே, என் வயிற்றைப் பார்த்து நின்றன.

ஏப்ரல் 10

ஏன் மேலே நின்றன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெரிய விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். முன்பக்கத்தை அடைத்துவிட்டோம், பக்கவாட்டைக் காற்றைத் திருப்பும் தகடால் (டிஃப்ளெக்டர்) அடைத்துவிட்டோம், மிச்சம் இருப்பது கீழே, அங்கே இருப்பது இன்ஜின். ஆக, ஓட்டத்தில் மடி சுடுகிறது என்றால் விண்ட்ஷீல்டைத் தாழ்த்திப் பாருங்கள், அல்லது அதன் அடியில் காற்றுத் திறப்பு இருந்தால் திறந்து விடுங்கள். செலவே இல்லாத வேலை. உயரமான விண்ட்ஷீல்டைக் குளிர்காலத்தில் மாட்டிவிட்டுக் கழற்ற மறந்தவர்கள்தான் வெயில் காலத்தில் இன்ஜினைத் திட்டுகிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு இது பொருந்தாது, அவருக்கு நிற்கும்போதுதான் சுடுகிறது.

ஏப்ரல் 13

அவருக்குப் பொருந்தக்கூடியது இது. என் வண்டி ஒரு சர்வீஸுக்குப் போய்வந்த பிறகு வலது கால் பக்கம் திடீரென்று தாங்க முடியவில்லை. கூலன்ட் அளவு சரி, ஃபேன் சரி, டெம்பரேச்சர் சரி. எவ்வளவு கேட்டாலும் "இந்த மாடலே இப்படித்தான்" என்றார்கள். கடைசியில் நானே பேனல்களைக் கழற்றி இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் ரேடியேட்டரின் ஓரத்திலிருந்து பேனல் வரைக்கும் ஒரு ரப்பர் தட்டி இருக்கிறது, வலது பக்கம் இல்லை. கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கையளவு ரப்பர். அது இல்லாததால் ஃபேன் தள்ளிய சூடான காற்று கீழே போகாமல் பேனலுக்குள் திரும்பி வந்து முழங்கால் சந்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அதே சூடான காற்றை ஃபேன் மறுபடி உறிஞ்சியது. தட்டியை மாட்டிய பிறகு டேப் ஒட்டிய இடத்தில் அளந்தேன், 60-க்குப் பக்கத்தில் இருந்தது 50-க்குக் கீழே வந்தது.

ரேடியேட்டரைச் சுற்றி இருக்கும் ஸ்பாஞ்ச், ரப்பர், சின்னப் பிளாஸ்டிக் தட்டிகள் எல்லாம் அழகுக்கு இல்லை. காற்று சுலபமான வழியில்தான் போகும், பக்கத்தில் சந்து இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் சந்து வழியாகவே போய்விடும். பேனல் கழற்றியிருக்கும்போதே ரேடியேட்டர் இதழ்களையும் பாருங்கள். முன்சக்கரங்கள் வாரி இறைக்கும் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும், அப்புறம் அதுவே அடைப்பு.

ஏப்ரல் 14

காற்றாலேயே குளிரும் (ஏர் கூல்டு) இன்ஜின் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொண்டார்கள், அவர்களை மறந்துவிட்டேனாம். ஹார்லி ட்ரை க்ளைடு மாதிரி பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே இன்ஜின் முழுவதையும் குளிர்விக்கும் ரேடியேட்டர் இல்லை, சிலிண்டரே வெளியே தெரிகிறது. பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் நிழலில் இருப்பதால் அதற்குக் காற்று குறைவு, அது சரியாக உங்கள் தொடைக்கு அடியில். ஹார்லியின் டூரிங் வண்டிகளில் ஒரு ஏற்பாடு உண்டு: சூடு ஏறி, வண்டி நின்று, ஐட்லிங்கில் இருந்தால் பின் சிலிண்டரில் எரிவதை நிறுத்திவிடும். முதல் தடவை கேட்பவர்கள் இன்ஜின் போய்விட்டது என்று பதறுவார்கள், ஒற்றைச் சிலிண்டரில் தடுமாறுகிற மாதிரி சத்தம் வரும். 2014-இல் சில டூரிங் மாடல்களுக்குச் சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டில் மட்டும் கூலன்ட் சுற்றும் ஏற்பாடும் வந்தது, ட்ரை க்ளைடும் அதில் சேர்த்தி.

இந்த வண்டிகளில் ஃபேனோடு வரும் ஆயில் கூலர் பயன் தரும், ஆயிலின் ஆயுளுக்கும் நல்லது. காலுக்கு ஓரளவுதான். டிராஃபிக்கில் தொடையைக் காப்பது பின் சிலிண்டருக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு.

ஏப்ரல் 17

பெண்ட் பைப்பில் சூட்டைத் தடுக்க நாடா சுற்றலாமா? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். என் கருத்து இரண்டு தடவை மாறியிருக்கிறது, அதையே எழுதுகிறேன்.

முதலில் முழு ஆதரவாளன். கண்ணாடி இழை நாடாவை நனைத்துச் சுற்றி, கம்பியால் கட்டி, முதல் நாள் புகை வந்து அடங்கியதும் கால் பக்கம் நல்ல மாற்றம். பிறகு அடுத்த மழைக்காலம் முடிந்து அவிழ்த்துப் பார்த்தால் சாதாரண இரும்புப் பைப் செதில் செதிலாக உரிந்திருந்தது. நாடா ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, உள்ளே பைப்பின் சூடும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். அதன் பிறகு சில காலம் நாடாவே ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நடுவில் நிற்கிறேன்: ஸ்டெயின்லெஸ் பைப்பாக இருந்தால், கால் பக்கம் வரும் பகுதிக்கு மட்டும், பரவாயில்லை. கன்வர்ட்டரின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் சுற்றாதீர்கள், அது ஏற்கெனவே தன் சூட்டின் எல்லையில் வேலை செய்கிறது. சுற்றும்போது கையுறை போடுங்கள், அந்த இழை தோலில் ஏறினால் நாளெல்லாம் அரிக்கும்.

முடிந்தவர்களுக்கு செராமிக் கோட்டிங் நல்லது. ஈரம் தங்காது, அவிழ்க்கவும் வேண்டாம். விலை அதிகம், பைப்பைக் கழற்றி அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 17

கன்வர்ட்டரையே வெட்டி எடுத்துவிட்டால் சூடு குறையும் என்று தனியாக எழுதிக் கேட்டவருக்குப் பொதுவிலேயே பதில். குறையும். பல நாடுகளில் சட்டப்படி செல்லாது, புகைச் சோதனையில் தேறாது, பின்னால் வருகிறவன் மூக்கில் உங்கள் புகை ஏறும். நான் செய்யவில்லை, சொல்லித்தரவும் மாட்டேன்.

ஏப்ரல் 19

பேனலின் உள்பக்கம் ஒட்டும் பளபளப்பான அலுமினியத் தாள் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. அது சூட்டை "உறிஞ்சாது", திருப்பி அனுப்பும். அதற்கு இரண்டு நிபந்தனை: பளபளப்பான பக்கம் பைப்பைப் பார்க்க வேண்டும், பைப்புக்கும் தாளுக்கும் இடையே காற்று இடைவெளி வேண்டும். ஒட்டிக்கொண்டு இருந்தால் அலுமினியம் சூட்டை நேராகக் கடத்திவிடும், பூஜ்ஜியப் பயன். தூசி, ஆயில் படிந்து மங்கினாலும் வேலை போய்விடும். ஒட்டுவதற்கு முன் பேனலை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் உரிந்து ஃபேனில் போய் மாட்டும்.

நாடா, தாள் எல்லாவற்றுக்கும் முன் சந்துகளை அடைப்பதுதான் முதல் வேலை என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. 13-ஆம் தேதிக் குறிப்பை முதலில் படியுங்கள்.

ஏப்ரல் 22

ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச். பலர் போடுகிறார்கள். சூடு ஏறும் முன்பே ஃபேனைப் போட்டுவிட்டால் கால் சுடாது என்று எதிர்பார்ப்பு. இன்ஜின் உண்டாக்கும் சூடு அதேதான், எப்போது வெளியே வருகிறது என்பதை மட்டும் ஸ்விட்ச் மாற்றுகிறது. ஒரேயடியாக அடிக்கும் அனலைத் தொடர்ச்சியான வெதுவெதுப்பாக மாற்றிக்கொள்ளலாம், சிலருக்கு அதுவே போதும். டிராஃபிக் கண்ணில் படும்போதே, வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில் போட்டால் பலன் உண்டு. நின்ற பிறகு போட்டால் இல்லை. பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மறக்க வேண்டாம், ஐட்லிங்கில் சார்ஜ் குறைவு.

சிக்னலில் இன்ஜினை அணைக்கலாமா என்பதற்கும் இதே யோசனைதான். நீண்ட நிறுத்தம் என்றால் அணையுங்கள், அந்த 9 கிலோவாட் உடனே நின்றுவிடும். ஆனால் டெம்பரேச்சர் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் கூலன்ட் சுற்றுவது நின்று ஹெட்டில் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடி முடியட்டும்.

ஏப்ரல் 25

வண்டியையே பேசிக்கொண்டிருக்கிறோம், ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு குறிப்பு. அரைக்கால் சட்டையோடு சூட்டைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் சூடான பேனலில் தோலை நேராக வைக்கிறார்கள். 44 டிகிரிக்கு மேல் உள்ள பரப்பில் மணிக்கணக்கில் தோல் பட்டுக்கொண்டிருந்தாலே புண்ணாகலாம், 60 டிகிரிக்குச் சில விநாடி போதும். முழங்கால் தேய்மானத்தால் இரண்டு சக்கரத்திலிருந்து மூன்றுக்கு வந்தவர்கள் இதில் நிறைய இருக்கிறோம். சர்க்கரை வியாதியில் பாத உணர்ச்சி மங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், சுடுவதே தெரியாது, ஷூவைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். தடித்த ஜீன்ஸ் அல்லது தோல், கணுக்காலை மூடும் ஷூ. நைலான் மழைக்கால்சட்டை பைப்பில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் நாளில் ஜாக்கெட்டின் திறப்புகளை எல்லாம் திறந்து ஓட்டினால் அந்தக் காற்று உங்களைச் சூடாக்கும், வியர்வையையும் அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே நனைத்த பனியன், திறப்பு கொஞ்சமாக, அடிக்கடி தண்ணீர்.

ஏப்ரல் 28

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: தட்டிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றனவாம், ஆனால் வலது ரேடியேட்டரின் கீழ்ப்பாதி மண்ணால் அடைபட்டிருந்ததாம், கழுவிய பிறகு ஃபேன் ஓடும் நேரம் குறைந்துவிட்டதாம். நல்லது. "இன்னும் சுடுகிறது, ஆனால் திட்டுகிற அளவுக்கு இல்லை" என்கிறார். அவ்வளவுதான் கிடைக்கும். மிச்சத்துக்கு 19-ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன தாள், கால் பக்கப் பேனலுக்கு மட்டும்.

ஏப்ரல் 28

கறுப்பு பேனலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் குளிருமா என்று கேட்டவருக்கு: வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் ஏறும்போது வித்தியாசம் தெரியும். உள்ளே இருந்து வரும் சூட்டுக்கு வெளிநிறம் கணக்கில்லை. அழகுக்காக அடியுங்கள். ஜெல் சீட் வைத்திருந்தால் அதை மூடி நிறுத்துங்கள், வெயிலில் வாங்கிய சூட்டை ஜெல் லேசில் விடாது.

மே 1

பின் பெட்டி பற்றி ஒரு வரி, தனியாகக் கேட்டதால். சைலன்சர் பெட்டிக்கு அடியில் போகும் வண்டிகளில் தரைப்பகுதி நன்றாகவே சூடாகும். இன்சுலின் மாதிரி 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாத மருந்துகளை அங்கே வைக்காதீர்கள், முன் பெட்டி இருந்தால் அதுவும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் இந்த வைத்தியம் எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.